பெட்ரோல் மீட்டர் ஃபுல்லில் சரி, காலியில் பொய்: எங்கிருந்து பார்ப்பது?

மழைக்குடை (கேள்வி)

வணக்கம். என்னிடம் இருப்பது 1970களின் தொடக்கத்தில் வந்த பிரிட்டிஷ் கார். 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் பாடியோடு இணைந்தது), மீட்டர்கள் ஸ்மித்ஸ் கம்பெனியுடையவை. டேங்கை நிரப்பினால் முள் ஒழுங்காக ஃபுல்லுக்கு வந்து நிற்கிறது. கீழே இறங்க இறங்கத்தான் பொய் சொல்கிறது. அண்மையில் காலிக் கோட்டுக்கு மேலே முள் தெளிவாக நிற்கும்போதே பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது.

ஃப்ளோட் (பெட்ரோலில் மிதக்கும் குண்டு) போயிருக்கும், டேங்க் யூனிட்டை (ஃப்ளோட்டின் உயரத்தை மீட்டருக்குச் சொல்லும் பாகம்) மாற்று என்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் உறுதி செய்துகொள்ள வேண்டும். சம்பந்தம் உண்டா தெரியாது, ஆனால் டெம்பரேச்சர் முள்ளும் எப்போதும் மேலேதான் நிற்கிறது. ரேடியேட்டர் கொதிக்கவில்லை, தண்ணீரும் குறையவில்லை. எனக்கு முன் வைத்திருந்தவர் டேஷ்போர்டைக் கழற்றி பெயின்ட் அடித்திருக்கிறார்.

இரண்டாம்கியர்

ஃப்ளோட்டில் ஓட்டை விழுந்து பெட்ரோல் உள்ளே போயிருக்கும் சார். பித்தளை ஃப்ளோட் என்றால் கழற்றிச் சுடுதண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் ஓட்டை. யூனிட்டையே மாற்றிவிட்டால் தலைவலி போச்சு.

எர்த்வயர்

சுடுதண்ணீர் சோதனை சரிதான், ஆனால் இந்தக் கேஸுக்கு அது பொருந்தாது. ஃப்ளோட் மூழ்கினால் முள் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும், நிரப்பினாலும் ஃபுல்லைத் தொடாது. இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர்.

மழைக்குடை, விஷயத்தை நீங்களே கடைசி வரிகளில் சொல்லிவிட்டீர்கள். இரண்டு மீட்டரும் ஒரே மாதிரி கூடுதலாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது வோல்டேஜ் ஸ்டெபிலைசர். டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு தகர டப்பா.

உங்கள் மீட்டருக்குள் இருப்பது சூடேறினால் வளையும் ஒரு இரட்டை உலோகப் பட்டை. அதைச் சுற்றிய கம்பியில் கரண்ட் எவ்வளவு போகிறதோ அவ்வளவு சூடாகி முள்ளைத் தள்ளும். இக்னிஷன் போட்டதும் முள் சோம்பேறித்தனமாக ஏறுவது அதனால்தான். பேட்டரி வோல்டேஜ் ஏறி இறங்கும் என்பதால், ஸ்டெபிலைசர் கரண்டை விட்டு விட்டு அனுப்பி சராசரியாக 10 வோல்ட் அளவில் வைக்கும். அந்த டப்பாவின் உடம்புக்கு எர்த் கிடைக்காவிட்டால் அதற்கு வெட்டத் தெரியாது, வந்த வோல்டேஜை அப்படியே முழுசாக விட்டுவிடும். திருகுக்கு அடியில் பெயின்ட் அடித்தால் எர்த் எங்கிருந்து வரும்?

ஸ்டெபிலைசர் அவுட்புட்டில் டெஸ்ட் லேம்ப் (கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் சிறு பல்பு) வையுங்கள். சற்று நேரத்தில் விட்டு விட்டு எரிந்தால் நல்லது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் டப்பாவின் உடம்பிலிருந்து நல்ல எர்த்துக்கு ஒரு வயர் போட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் துடிக்காவிட்டால் டப்பாவே போய்விட்டது. டிஜிட்டல் மல்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், துடிப்பு வரும்போது எண்கள் தாவிக்கொண்டே இருக்கும்.

மழைக்குடை

பார்த்துவிட்டேன். லேம்ப் நிற்காமல் எரிந்தது. அவுட்புட்டில் இன்ஜின் ஓடாதபோது 12.3, ஓடும்போது 14க்குக் கொஞ்சம் கீழே. நீங்கள் சொன்னபடி எர்த் கொடுத்ததும் லேம்ப் துடிக்க ஆரம்பித்தது. டெம்பரேச்சர் முள் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. நன்றி.

ஆனால் இப்போது டேங்கை வழிய நிரப்பினாலும் முள் முக்கால் தாண்ட மறுக்கிறது! முன்னாலாவது ஃபுல் சரியாக இருந்தது.

இரண்டாம்கியர்

அப்போ டேங்க் யூனிட்தான். முதலிலேயே சொன்னேனே.

எர்த்வயர்

கொஞ்சம் பொறுங்கள் அண்ணே. முன்னால் ஃபுல் சரியாக இருக்கவில்லை, சரிபோலத் தெரிந்தது. ஒரு கோளாறு முள்ளைத் தூக்கியது, இன்னொன்று இறக்கியது. ஃபுல்லில் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டன. இப்போது தூக்குவதைச் சரிசெய்ததால் இறக்குவது வெளியே வந்திருக்கிறது.

இந்த வகை டேங்க் யூனிட்டின் மின்தடை, டேங்க் காலியாக இருந்தால் சுமார் 240 ஓம், நிரம்பினால் 20 முதல் 30 ஓம். ஓம் குறைந்தால் கரண்ட் கூடி முள் ஏறும். வழியில் துருப்பிடித்த இணைப்பு ஒன்று 35 ஓம் கூட்டுகிறது என்று வையுங்கள். 240 என்பது 275 ஆனால் முள் அதிகம் அசையாது. 25 என்பது 60 ஆகிவிட்டால் முள் ஃபுல்லிலிருந்து நன்றாகக் கீழே இறங்கிவிடும். காலியில் ஏறக்குறைய சரி, நிரம்ப நிரம்பக் குறைவு என்றால் முதலில் எர்த்தைப் பாருங்கள். டெம்பரேச்சர் சென்சர் இன்ஜின் பிளாக்கிலேயே எர்த் ஆகிறது, அதனால் அதற்கு இந்தத் தொல்லை வரவில்லை.

டேங்க் நிரம்பியிருக்கும்போதே அளக்கலாம், எதையும் திறக்க வேண்டாம். இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையை வயரோடு கழற்றுங்கள். யூனிட்டுக்கு வரும் பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயரையும் கழற்றுங்கள். யூனிட்டின் அந்த முனைக்கும் யூனிட்டின் உடம்புக்கும் இடையே எத்தனை ஓம்? அதே முனைக்கும் பேட்டரியிலிருந்து கழற்றிய எர்த் வயரின் கிளாம்புக்கும் எத்தனை? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எர்த் விழுங்குவது.

பழுப்புப்பெட்டி

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. "வயரைக் கழற்றி பாடியில் தொடு, முள் ஃபுல்லுக்குப் போனால் மீட்டர் நல்லது" என்று ஒரு சோதனை எல்லோரும் சொல்வார்கள். இரட்டை உலோகப் பட்டை மீட்டரில் வயரைப் பாடியில் தொட்டபடியே வைத்திருந்தால் உள்ளே இருக்கும் கம்பி கெட்டுவிடும். 27 அல்லது 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நடுவில் வைத்து எர்த் செய்யுங்கள், முள் ஃபுல்லுக்குப் பக்கத்தில் வர வேண்டும். 12 வோல்ட்டை நேராக மீட்டருக்குக் கொடுத்துப் பார்க்கவே வேண்டாம்.

அப்புறம், எல்லாக் கார்களுக்கும் இந்தத் திசை கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் காலி 0 ஓம், ஃபுல் 90. விடிஓ (VDO) கம்பெனி வகையில் காலி 10, ஃபுல் 180. அங்கே வயரைக் கழற்றினால் முள் ஃபுல்லுக்கு ஓடும், எர்த் செய்தால் காலிக்கு வரும். பழைய ஃபோர்டு காலியில் 73, ஃபுல்லில் 10 அளவு, ஸ்டெபிலைசரும் 10 அல்ல, சராசரி 5 வோல்ட். பொருந்தாத யூனிட்டை மாட்டிவிட்டு மீட்டரைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

மழைக்குடை

யூனிட்டின் உடம்போடு 27 ஓம். பேட்டரி எர்த் கிளாம்போடு 64! டேங்கின் எர்த் வயர் பூட் (டிக்கி) தரையில் திருகியிருந்த இடத்தில், வயர் நுனியின் வளைய முனைக்கு அடியில் பச்சைப் பாசி மாதிரி பூத்திருந்தது. திருகு இறுக்கமாகத்தான் இருந்தது, பார்த்தால் சந்தேகமே வராது. தேய்த்துப் பளபளப்பாக்கி, புது முனை போட்டு இறுக்கிய பிறகு 28 ஓம். முள் ஃபுல்லில் நிற்கிறது, யூனிட்டைத் தொடவே இல்லை.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். முதல் பாதி மெதுவாக இறங்குகிறது, இரண்டாம் பாதி மடமடவென்று இறங்குகிறது. இது இயல்பா?

எர்த்வயர்

பெரும்பாலும் இயல்புதான். ஃப்ளோட்டுக்கு உயரம்தான் தெரியும், லிட்டர் தெரியாது. டேங்கின் அடி குறுகலாக இருந்தால் கீழே வரவர முள் வேகமாக இறங்கும். மேலே ஃப்ளோட் கூரையைத் தொட்டு நிற்பதாலும் முதல் கொஞ்ச தூரம் முள் அசையாது.

நடு அளவு ரொம்பத் தள்ளியிருந்தால் மட்டும் ஃப்ளோட் கம்பியை வளைப்பதைப் பற்றி யோசியுங்கள். அதற்கு யூனிட்டை வெளியே எடுக்க வேண்டும்: டேங்கில் பெட்ரோல் யூனிட்டின் வாய்க்குக் கீழே இருக்க வேண்டும், பேட்டரி கழற்றியிருக்க வேண்டும், காற்றோட்டமான இடம் வேண்டும், பூட்டு வளையத்தை மரத்துண்டாலோ பித்தளையாலோ தட்டித் திருப்ப வேண்டும், இரும்பு வேண்டாம், பொறி பறக்கும். ரப்பர் வாஷர் புதிது. ஃபுல்லும் காலியும் சரியாக இருக்கும்போது நான் அதில் கை வைக்க மாட்டேன்.

இரண்டாம்கியர்

சரி, ஒத்துக்கொள்கிறேன், எர்த்தான். என் வண்டி பாசிட்டிவ் எர்த். ஸ்டெபிலைசர் துடிப்பது நின்றுபோச்சு. பழைய டப்பாவுக்குள்ளேயே 7810 ஐசி (10 வோல்ட்டை நிலையாகத் தரும் சிறு எலக்ட்ரானிக் பாகம்) வைக்கலாம் என்று படித்தேன், சரிவருமா?

எர்த்வயர்

7810 நெகட்டிவ் எர்த்துக்கு. உங்களுக்கு 7910 வேண்டும். இரண்டுக்கும் கால்கள் ஒரே வரிசையில் இல்லை, படத்தைப் பார்த்துச் சால்டர் செய்யுங்கள். 7910இன் முதுகுத் தகடு எர்த் அல்ல, உள்ளே வரும் கரண்ட் பக்கம், டப்பாவில் பட்டால் ஷார்ட். நடுவில் மைக்கா (கரண்ட் கடத்தாத மெல்லிய தகடு) வையுங்கள்.