கேங்கேங் காக்கட்டூ பொந்துக்குள் தங்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கான்பெராவில் பறவை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் ஒரு உதவி வேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள பழைய யூகலிப்டஸ் மரத்துப் பொந்துக்கு அக்டோபர் தொடக்கத்திலிருந்து ஒரு கேங்கேங் காக்கட்டூ (கொண்டை உள்ள சாம்பல் நிறக் கிளி வகை) ஜோடி வந்துபோகிறது. சிவப்புத் தலை ஆண் வாசல் விளிம்பைக் கொரித்துத் தள்ளுகிறது. மரத்தடியில் சிராய்கள் கிடக்கின்றன. பெண் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, எண்ணெய் போடாத கதவு போலக் கிரீச்சிட்டுப் பறந்துவிடுகிறது. இவை முட்டையிடாமலே பல பொந்துகளைச் சோதித்துப் பார்க்கும் என்பது தெரியும். அதனால்தான் குழப்பம்.

அடைகாக்கத் தொடங்கிவிட்டதை வெளியிலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது? ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காருமாமே, அந்த மாற்றம் எந்த நேரத்தில் நடக்கும்? இரவில் அதே கிளையில் ஒரு போசம் (மரமேறும் சிறு பாலூட்டி) வேறு சுற்றுகிறது. அதை விரட்டலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

கம்பில் கேமரா கட்டி உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. 2022 முதல் அழியும் ஆபத்துப் பட்டியலில் உள்ள பறவை, பயந்து கூட்டைக் கைவிட்டால் என்ன செய்வது?

எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதையும் சொல்லுங்கள். குஞ்சு திருடுபவர்கள் உண்டு என்பதால் மரம் இருக்கும் இடத்தை இங்கே போடவில்லை.