வேம்பநாட்டு ஏரி: ஆகாயத்தாமரையையும் நெல்வயலையும் பிரிப்பது எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில் ஆகாயத்தாமரை எவ்வளவு பரவியிருக்கிறது என்று சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வரைபடமாக்கி வருகிறேன்.

நீர் அண்மை அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிக்கொள்வதால் படத்தில் கறுப்பாகத் தெரிகிறது. பச்சை இலை அதே கதிரைப் பெருமளவு திருப்பி அனுப்புவதால் பளிச்சிடுகிறது. இதை வைத்துத் திறந்த நீரை எளிதாகப் பிரித்துவிட்டேன். சிக்கல் கரையோரத்தில்தான். ஏரியை ஒட்டிய குட்டநாட்டு நெல்வயலும் ஆகாயத்தாமரையும் தாவரக் குறியீட்டில் (பசுமையின் அளவைக் காட்டும் எண்) ஏறக்குறைய ஒன்றுபோலவே வருகின்றன. குறுகலான கால்வாய்களிலோ 10 மீட்டர் படப்புள்ளி ஒன்றுக்குள்ளேயே நீர், செடி, வரப்பு மூன்றும் கலந்துவிடுகின்றன.

தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மேகம் வேறு மறைக்கிறது. ஆகவே மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படங்களையும் சேர்க்க நினைக்கிறேன். அமைதியான நீர் ரேடார் அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் இருளாகவும், மிதக்கும் செடிக்கூட்டம் வெளிச்சமாகவும் தெரிய வேண்டும். ஆனால் காற்றில் அலையடிக்கும் நீரும் வெளிச்சமாகுமே, அதை எப்படி விலக்குவது?

இரண்டு வகைப் படங்களையும் இணைத்துப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? நெல்லைப் பிரிக்க சென்டினல்-2 படத்தின் 20 மீட்டர் சிவப்பு விளிம்புப் பட்டைகள் (சிவப்புக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட ஒளியைப் பதிபவை) உதவுமா, அல்லது நடவு முதல் அறுவடை வரையிலான பருவ மாற்றத்தைத் தொடர்வதுதான் நம்பகமானதா? படகுப் போக்குவரத்தையே முடக்கும் செடி இது. வரைபடம் சரியாக அமைய வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.