நெல்லையில் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு வேலை உண்டா?

குறுக்குத்துறை:
தங்கை பி.இ. சிவில் முடித்திருக்கிறாள். அடுத்து எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் படிக்க ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் வெளியூர் போக முடியாது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிக்குள் வேலை கிடைக்குமா?

சிந்துபூந்துறை:
வேண்டாம் தம்பி. அதே படிப்பைப் படித்துவிட்டு ஆறு வருடமாக இங்கேயே இருக்கிறேன். ஓர் ஆஸ்பத்திரியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என் பொறுப்பு. தினமும் காலையில் காற்றூட்டும் தொட்டியில் ஒரு லிட்டர் மொண்டு அளவு உருளையில் ஊற்றுவேன். அரை மணி நேரத்தில் சகதி எதுவரை படிந்திருக்கிறது என்று குறிப்பேன். சகதி கறுத்து நாறினால், கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி தொட்டிக்குள் காற்று ஊதும் புளோயரை அணைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். சொன்னால் கேட்க ஆளில்லை. சம்பளமும் ஒப்பந்தக்காரர் கையில்.

பொதிகைக்காற்று:
உங்கள் வருத்தம் நியாயம் அண்ணாச்சி, முடிவுதான் தப்பு. தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பார்க்க 2024 நவம்பரில் மதுரைக்கிளை நீதிபதிகளே நேரில் வந்தார்கள். அடுத்த மாதமே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவு. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகுதான் லாரியில் அள்ளிப் போனார்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் சோலார் செல் ஆலை வந்திருக்கிறது. செல் தயாரிக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். அந்தக் கழிவுநீரில் சுண்ணாம்பு சேர்த்து ஃபுளோரைடைப் பிரிக்காமல் வெளியே விட முடியுமா? இதற்கெல்லாம் ஆள் வேண்டாமா?

சிந்துபூந்துறை:
தேவை வேறு, போஸ்டிங் வேறு. ஆறு நாறுகிறது என்பதற்காக யாரும் நியமன ஆணை தருவதில்லை. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத் தேர்வுக்கு மாநிலம் முழுக்கப் போட்டி. தேறினாலும் ஓசூருக்கோ ராணிப்பேட்டைக்கோ போடலாம். கூடங்குளம் என்றால் இந்தியா முழுக்கப் போட்டி. அம்மாவை வைத்துக்கொண்டு அந்தப் பெண் எங்கே போவாள்?

பொதிகைக்காற்று:
சரி, அந்த இரண்டையும் விடுங்கள். சிவில் பட்டம் கையில் இருக்கிறதே, அதுதான் அவள் பலம். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கட்டடங்களின் கழிவுநீர்த் தொட்டிக்கு வரைபடம் போடவும் தெரிய வேண்டும், ஆற்றில் விடும் தண்ணீரின் பிஓடி, அதாவது அதிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் நிற்கிறதா என்று பார்க்கவும் தெரிய வேண்டும். எங்கள் அலுவலகத்துக்கு அப்படி ஒருவரைத் தேடி இங்கே கிடைக்காமல், கடைசியில் மதுரையிலிருந்து வரவழைத்தோம்.

சிந்துபூந்துறை:
அதை ஒப்புக்கொள்கிறேன். நான் கெமிக்கலிலிருந்து வந்தவன், கட்டட வேலை எனக்குக் கைவராது. சிவிலோடு சேர்ந்தால் இங்கேயே பிழைக்கலாம். ஆனாலும் ஒரு வருடம் சைட்டில் வேலை பார்க்கட்டும், அப்புறம் ஃபீஸ் கட்டுங்கள்.

குறுக்குத்துறை:
தங்கை பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள். அந்த உருளையை ஒருநாள் வந்து பார்க்கலாமா என்று கேட்கிறாள் அண்ணாச்சி.

சிந்துபூந்துறை:
தாராளமாக. காலை 6 மணிக்கே கூட்டி வாருங்கள். வார்டுகளில் குளிக்க ஆரம்பித்துவிட்டால் தண்ணீர் வரத்து கூடிவிடும், அப்புறம் நின்று பேச நேரமிருக்காது.