ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை: பலன் உண்டா?

கேள்வி: பைக்கும் ஸ்ட்ராவுக்கும் தடை போட்டால் குப்பை நிஜமாகவே குறையுமா, இல்லை பெயருக்குத்தானா? துணிப்பை வாங்கி வாங்கியே வீட்டில் ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது, அதனால்தான் கேட்கிறேன்.

பதில் 1: வங்கதேசம் 2002லேயே மெல்லிய பைகளைத் தடை செய்தது, வெள்ள நேரத்தில் வடிகாலை அடைத்துக்கொண்டதால். சட்டம் வந்தும் பை ஒழியவில்லை. கண்காணிப்பு இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

பதில் 2: அந்த மூட்டைதான் சிக்கலே! துணிக்கான பருத்திப் பயிர் நிறையத் தண்ணீர் குடிக்கும், ஒரே பையைத் திரும்பத் திரும்பத் தூக்கினால்தான் கணக்குச் சரியாகும். அப்புறம், வளையும் ஸ்ட்ரா இல்லாமல் குடிக்க முடியாத மாற்றுத்திறனாளிகளை யார் கேட்டார்கள்?

பதில் 3: கேட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் தட்டு, கரண்டி, ஸ்ட்ராவையெல்லாம் நிறுத்தியபோது மருத்துவ ஸ்ட்ராவுக்கு விலக்குக் கொடுத்தது.

கேட்டவர்: சரி, புதுப் பை இனி வாங்கவில்லை.