மூன்றாவது பிக்: பெய்லியா, எட்ஜ்கமா, க்னிப்பலா?

பில்லிவாசி

2025 ஜூன் 25 ராத்திரி என்.பி.ஏ. டிராஃப்ட்: அமெரிக்கக் கூடைப்பந்து அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் இரவு. டல்லஸ் கூப்பர் ஃபிளாகை எடுக்கும், சான் அன்டோனியோ டிலன் ஹார்ப்பரை எடுக்கும். இதில் பேச ஒன்றுமில்லை. சஸ்பென்ஸ் எல்லாம் எங்க ஊர் ஃபிலடெல்ஃபியாவின் (ஃபில்லி) செவன்டி சிக்ஸர்ஸ் கையில் இருக்கும் மூன்றாவது பிக்கில், அதாவது மூன்றாவது தேர்வில்தான்.

போன சீசன் 24 வெற்றி, 58 தோல்வி. எங்க நட்சத்திரங்களில் எம்பீட் ஆடியது 19 ஆட்டம், பால் ஜார்ஜ் 41. பிக் வரிசையை முடிவு செய்யும் லாட்டரியில் ஏழாவது இடத்துக்குச் சரிந்திருந்தால் இந்த பிக்கும் பழைய ஒப்பந்தப்படி ஓக்லஹோமா சிட்டிக்குப் போயிருக்கும். அப்படித் தப்பிப் பிழைத்து வந்தது இது.

என் கணக்கில் மூன்று பேர்: ரட்கர்ஸின் ஏஸ் பெய்லி, பேலர் பல்கலையின் வி.ஜே. எட்ஜ்கம், டியூக்கின் கான் க்னிப்பல். மூவரும் கல்லூரியில் ஒரே ஒரு வருஷம் ஆடியவர்கள். யாரை எடுக்கலாம்? காரணத்தோடு சொல்லுங்க. "மனசு சொல்லுது" மட்டும் வேண்டாம்.

ராயபுரம் ராக்கெட்

மனசு சொல்லுது, பெய்லி.

பிஸ்காட்டவே பாபு

ராக்கெட்டுக்கு என் ஓட்டு. ரட்கர்ஸ் மைதானம் எங்க வீட்டுப் பக்கம்தான், பெய்லியை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். டிவியில் தெரியாத ஒன்று இருக்கிறது. டிஃபென்டர் நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டி நிற்பான், கை முகத்துக்கு நேராக இருக்கும். இவன் அதைக் கண்டுகொள்ளவே மாட்டான். பந்தைத் தரையில் ஒரு தட்டு, நின்ற இடத்திலிருந்து எழும்புவான், பந்து அந்தக் கைக்கு ஒரு சாண் மேலேயிருந்து புறப்படும். அவ்வளவு உயரத்திலிருந்து வரும் ஷாட்டை யாரும் தடுக்க முடியாது. இதைப் பயிற்சியில் கற்றுக்கொடுக்கவும் முடியாது.

ஜனவரி 2-ஆம் தேதி இண்டியானா மைதானத்தில் 39 பாயிண்ட். ரட்கர்ஸில் முதல் வருஷப் பையன் எவனும் அதுவரை அடிக்காத எண்ணிக்கை. சீசன் சராசரி 17.6 பாயிண்ட், 7.2 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது). வயசையும் பாருங்க. எட்ஜ்கமும் க்னிப்பலும் 2005 ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிறந்தவர்கள். பெய்லி 2006 ஆகஸ்ட். முழுசா ஒரு வருஷம் சின்னவன். இந்த வயசில் ஒரு வருஷம் என்பது லேசுப்பட்டதில்லை.

சராசரி சண்முகம்

இண்டியானாவில் 39 அடித்த அந்த ஆட்டத்தில் ரட்கர்ஸ் பத்து பாயிண்டில் தோற்றது. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் பாபு.

இரண்டு, மூன்று இடங்களுக்குள் போவார்கள் என்று எல்லோரும் எழுதிய ஹார்ப்பரும் பெய்லியும் ஒரே அணியில். அந்த அணி 15 வென்று 17 தோற்றது. மார்ச்சில் நடக்கும் தேசியக் கல்லூரிப் போட்டிக்கே போகவில்லை. கென்னசா ஸ்டேட்டிடமும் பிரின்ஸ்டனிடமும் தோற்றது. சரி, ஆள் பற்றாக்குறை என்று விட்டுவிடுவோம். தனி ஆளாகவே பார்ப்போம்: ஆட்டத்துக்கு 1.3 அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்), ஃப்ரீ த்ரோ 69 சதவீதம், த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று பாயிண்ட் ஷாட்) 34.6 சதவீதம்.

ஃப்ரீ த்ரோவை ஏன் பிடித்துத் தொங்குகிறேன் என்று கேட்பீர்கள். ஒரு சீசனில் ஒருவன் போடும் த்ரீ நூற்றுச்சொச்சம்தான். அவ்வளவு சின்ன எண்ணிக்கையில் 35 சதவீதம் என்பது நிஜத்தில் 27 ஆகவும் இருக்கலாம், 43 ஆகவும் இருக்கலாம். ஃப்ரீ த்ரோவில் தடுக்க ஆளில்லை, தூரம் மாறுவதில்லை. கை சுத்தமா இல்லையா என்பது அங்கேதான் அப்பட்டமாகத் தெரியும். பில்லிவாசிக்கு ஞாபகம் இருக்கும், 2017-இல் மார்கெல் ஃபுல்ட்ஸ். கல்லூரியில் த்ரீ 41 சதவீதம், ஃப்ரீ த்ரோ 65. எல்லோரும் 41-ஐப் பார்த்தார்கள். மூன்றாவது பிக்கோடு இன்னொரு முதல் சுற்று பிக்கையும் பாஸ்டனுக்குத் தூக்கிக் கொடுத்து ஃபுல்ட்ஸை வாங்கினீர்கள். அந்த மூன்றாவதில் பாஸ்டன் எடுத்தது, பிறகு அங்கே பெரிய நட்சத்திரமான ஜேசன் டேட்டம்.

க்னிப்பல்: த்ரீ 40.6, ஃப்ரீ த்ரோ 91.4. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

பில்லிவாசி

ஃபுல்ட்ஸ் பேரை எடுக்காதீங்க ஐயா. சாப்பிட்டது செரிக்காது.

பிஸ்காட்டவே பாபு

ஃபுல்ட்ஸுக்குத் தோள்பட்டை நரம்பில் கோளாறு. அதைக் கையின் சுத்தத்தோடு முடிச்சுப் போடுவது நியாயமில்லை.

நானும் ஒரு பேர் சொல்கிறேன். 2016, அதே மூன்றாவது பிக், ஜேலன் பிரௌன். கலிஃபோர்னியாவில் ஒரு வருஷம். த்ரீ 29 சதவீதம், ஃப்ரீ த்ரோ 65 சதவீதம். பேரை அறிவித்ததும் பாஸ்டன் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். 2024-இல் பாஸ்டன் கோப்பை வென்றபோது இறுதிப் போட்டித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் யார்? உங்க எக்செல் ஷீட் அன்றைக்கு அவரை எந்த இடத்தில் வைத்திருக்கும்?

பிறகு பெரிய நட்சத்திரமான ஆந்தனி எட்வர்ட்ஸ் இன்னொருவர். ஜார்ஜியாவில் த்ரீ 29 சதவீதம், அணி 16க்கு 16. இவன் கஷ்டமான ஷாட்டாகவே போடுகிறான், ஜெயிக்கத் தெரியவில்லை என்று அவரையும் இதேபோல்தான் தட்டிக் கழித்தார்கள்.

சராசரி சண்முகம்

எட்வர்ட்ஸுக்கு ஃப்ரீ த்ரோ 77, அசிஸ்ட் 2.8. அதனால் அவர் என் பக்கச் சாட்சி.

பிரௌனை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் ஒருவரைக் காட்டி எல்லோரையும் வாங்க முடியாது. 2017-இல் நாலாவது போன ஜாஷ் ஜாக்சன், கன்சாஸ், ஃப்ரீ த்ரோ 57 சதவீதம். உடம்பு, துள்ளல், எல்லாம் இருந்தது. ஷாட் வரவே இல்லை. 2015-இல் இதே ஃபில்லி மூன்றாவதாக எடுத்த ஓகஃபர், 51 சதவீதம். டியூக்கில் சாம்பியன், கூடைக்கு முதுகு காட்டி நின்று ஆடுவதில் அசகாய சூரன். அடுத்த இடத்தில் போனவர் அவரைவிட நன்றாகத் தேறிய போர்ஸிங்கிஸ். தேறியவர்கள் பேர் நமக்கு வாயில் நிற்கிறது, தேறாதவர்களைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

மாலதி கோச்

ரெண்டு பேரும் ஷாட்டைப் பற்றியே பேசிட்டிருக்கீங்க. நான் கோவையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் பார்வை வேற. ஒரு ஆட்டக்காரரைப் பார்க்கணும்னா பந்து அவர் கையில் இல்லாத நேரத்தில் பார்க்கணும். நாப்பது நிமிஷ ஆட்டத்தில் பந்து ஒருத்தர் கையில் எவ்வளவு நேரம் இருந்துடும்?

எட்ஜ்கம்மை அப்படி ஒரு ஆட்டம் முழுக்கப் பாருங்க. எதிராளி வழியை மறிச்சு நின்னு ஸ்கிரீன் வைக்கிறப்போ மேலே மோதி நிக்காமல் தோளைச் சாய்ச்சு நுழைஞ்சு வெளியே வர்றார். தப்புப் பண்ணினா தலையைத் தொங்கப்போடாமல் திரும்பி ஓடுறார், பின்னாலிருந்து வந்து பந்தைத் தட்டுறார். ஆட்டத்துக்கு 2.1 ஸ்டீல் (பந்தைப் பறிப்பது) அப்படித்தான் வந்தது. 15 பாயிண்ட், 5.6 ரீபவுண்ட், 3.2 அசிஸ்ட். 6 அடி 4 அங்குலத்துக்கு அந்த ரீபவுண்ட் சாமானியமில்லை.

இன்னொண்ணு யாரும் சொல்லலை. கல்லூரிக்குப் போறதுக்கு முன்னாலேயே, போன வருஷம் ஜூலையில் வலென்சியாவில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் பஹாமாஸுக்கு ஆடினார். பக்கத்தில் என்.பி.ஏ. ஆட்டக்காரங்க பட்டி ஹீல்ட், டீஆண்ட்ரே எய்ட்டன், எரிக் கார்டன். எதிரே வளர்ந்த ஆம்பிளைங்க, வயசு பத்தொன்பதுகூட முடிஞ்சிருக்கலை. ஆட்டத்துக்கு 16 பாயிண்டுக்கு மேல. கல்லூரி எண்களை வெச்சு "பெரியவங்களோட ஆடினா என்ன ஆகும்"னு நாம ஊகிச்சிட்டிருக்கோம். இவர் விஷயத்தில் அதுக்கு ஒரு சாம்பிள் ஏற்கெனவே இருக்கு.

ராயபுரம் ராக்கெட்

அக்கா வந்துட்டாங்க, இனி தீர்ப்புதான்.

பில்லிவாசி

மாலதி அக்கா, ஒரு சந்தேகம். எங்களிடம் மேக்ஸி இருக்கிறார், மெக்கெய்ன் இருக்கிறார். ரெண்டும் குள்ளமான கார்டுகள் (பந்தை முன்னே கொண்டுபோய் ஆடுபவர்கள்). மூன்றாவதாக 6 அடி 4 அங்குலத்தில் இன்னொருவரை வைத்துக்கொண்டு யாரை யார் தடுப்பது? உயரம் வேண்டும் என்றுதான் பெய்லி பக்கம் எனக்குச் சாய்வு.

மாலதி கோச்

உயரமா? ரட்கர்ஸ் 6 அடி 10னு போட்டிருந்தாங்க. மே மாசம் சிகாகோவில் டிராஃப்டுக்கு முன்னால் நடந்த காம்பைன் சோதனையில் வெறுங்காலில் அளந்தப்போ 6 அடி ஏழரை. ரெண்டரை அங்குலம் எங்கே போச்சுன்னு பாபு தம்பிதான் சொல்லணும், அவங்க ஊர் அளவுகோல்.

ஏழரையும் நல்ல உயரம்தான், மறுக்கலை. கையும் விரிச்சா ஏழடி. ஆனா உங்க அணியில் இந்த வருஷம் ஜெயிக்கணும்னு நினைக்கிற எம்பீட் இருக்கார், ஜார்ஜ் இருக்கார். அவங்க நடுவில் புதுப் பையன் கையில் பந்து எத்தனை தடவை வரும்? பந்து இல்லாமல் பிரயோஜனப்படுறவர்தான் அங்கே மைதானத்தில் நிப்பார்.

சராசரி சண்முகம்

அக்கா சொன்னதை அப்படியே க்னிப்பலுக்கு எழுதிக்கொள்கிறேன். பந்து இல்லாமல் பிரயோஜனம் என்றால் மூலையில் நிற்கும்போதே டிஃபென்டரை நகரவிடாத ஷூட்டரை விட யார்?

பிஸ்காட்டவே பாபு

ஷூட்டர் சரி. மறுபக்கம் யாரைத் தடுப்பார்? கால் மெதுவு. கை நீளமும் உயரத்தைவிட ஓர் அங்குலம்தான் கூட. டியூக்கில் பின்னால் மலுவாச் என்று 7 அடி 1 அங்குல மரம் நின்றது. பக்கத்தில் ஃபிளாக். இவரைத் தாண்டிப் போனவனை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். முன்பக்கமும் அதே கதை: ரெண்டு பேர் ஃபிளாகைச் சுற்றி ஓட, இவருக்குத் திறந்த ஷாட். ஃபிளாக் நிழலில் யார் நின்றாலும் 40 சதவீதம் போடலாம்.

சராசரி சண்முகம்

இதற்காகத்தான் காத்திருந்தேன். மார்ச்சில் டியூக் ஆடும் கல்லூரிப் பிரிவான ஏ.சி.சி.யின் தொடரில் ஜார்ஜியா டெக்கோடு ஆடும்போது ஃபிளாக் கணுக்கால் மடங்கி வெளியே போனார். அதோடு அந்தத் தொடரில் திரும்ப வரவே இல்லை. அன்றைக்கு க்னிப்பல் 28 பாயிண்ட். அடுத்து வட கரோலினா, லூயிவில், ரெண்டையும் டியூக் வென்று கோப்பையை எடுத்தது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் க்னிப்பல். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்கிரீனைச் சுற்றி வந்து, பாஸ் கொடுத்து ஆடினார். நிழலை எடுத்துவிட்டுப் பார்த்தாகிவிட்டது.

டிஃபென்ஸ் பற்றிச் சொன்னது நியாயம். மேக்ஸியோடு சேர்ந்து ஆடினால் எதிரணி ரெண்டு பேரையும் தேடித் தேடி அடிக்கும். அதனால் ஃபில்லிக்கு இல்லை என்றால், நாலாவதில் இருக்கும் சார்லட் அவரை விடவே கூடாது என்பேன்.

ராயபுரம் ராக்கெட்

யாருமே முக்கியமான மேட்டரைத் தொடலையே. பெய்லி ஃபில்லிக்கு வர்றதா இருந்த பயிற்சியையே கேன்சல் பண்ணிட்டார். எந்த டீம்கிட்டயும் போய் ஆடிக் காட்டலைன்னு எல்லா இடத்திலயும் நியூஸ். "உன் வீட்டுக்கு வரமாட்டேன்"னு சொல்ற மாப்பிள்ளைக்கு ஏன் பில்லிவாசி பொண்ணு கொடுக்கத் துடிக்கிறார்?

பிஸ்காட்டவே பாபு

தனியாக ஆடிக் காட்டுவதில் என்ன தெரிந்துவிடும்? 2007-இல் யி ஜியான்லியன் நாற்காலியை எதிரே வைத்து ஆடிக் காட்டியதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம். அதைப் பார்த்தும் மில்வாக்கி ஆறாவதாக எடுத்தது. அதே வருஷம் கெவின் டுரான்ட் காம்பைனில் 185 பவுண்டு பாரத்தை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. முப்பது ஆட்டம் வீடியோ இருக்கிறது, அதைப் பாருங்க.

மாலதி கோச்

ஆட்டம் பார்க்கவா கூப்பிடுறாங்க? டாக்டர் பார்க்கணும், உட்கார வெச்சுப் பேசணும். எம்பீட் கன்சாஸில் 28 ஆட்டம்தான் ஆடினார், பாத எலும்பில் முறிவோட டிராஃப்டுக்கு வந்தார். தெரிஞ்சேதான் ஃபில்லி மூணாவதா எடுத்தது. அந்த மாதிரி துணியணும்னா உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். முதல் ரெண்டு வருஷச் சம்பளத்துக்கு அணி கட்டுப்படுது. கதவைத் திறக்காத பையனுக்காக எதை நம்பிக் கையெழுத்துப் போடுறது?

பாபு தம்பி, ஒரே ஒரு கேள்வி. அந்த 1.3 அசிஸ்ட். முப்பது ஆட்டத்தில் ஏன் ஏறவே இல்லை?

பிஸ்காட்டவே பாபு

அக்கா, அந்த அணியில் பாஸ் கொடுத்தால் யார் போடுவார்கள்?

மாலதி கோச்

ஹார்ப்பர்.

ராயபுரம் ராக்கெட்

🤣🤣🤣

பிஸ்காட்டவே பாபு

சிரிங்க. ஹார்ப்பர் கையில் பந்து இருக்கும்போது இவன் வாங்கிப் போடுபவன். இவன் வேலையே அது. டேட்டமும் டியூக்கில் ரெண்டு அசிஸ்ட்தான். யூட்டா அஞ்சாவதில் உட்கார்ந்திருக்கிறது, இவனை விட்டால் அவர்கள் பேசாமல் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்புறம் ஃபில்லிக்காரர்கள் டேட்டமை நினைத்து அழுத மாதிரி இன்னொரு பத்து வருஷம் அழலாம்.

பில்லிவாசி

காலையில் பெய்லி, மத்தியானம் க்னிப்பல், இப்போ எட்ஜ்கம். பொதுவாக இந்த அணி என்னைக் கேட்டு எதையும் செய்வதில்லை, அது ஒரு நிம்மதி. எட்ஜ்கம் என்று எழுதிக்கொள்கிறேன். எம்பீட் இல்லாத இரவுகளில் ஓடி ஆட ஓர் ஆள் வேண்டும், இந்த அணியில் அந்த இரவுகள்தான் அதிகம்.

சண்முகம் சார், இதே மாதிரி ஆறாவது பிக்குக்கும் ஒரு கணக்குப் போடுங்க. வாஷிங்டன்காரர் ஒருத்தர் இன்பாக்ஸில் நச்சரிக்கிறார், டெக்ஸஸின் ட்ரே ஜான்சனா வேறு யாராவதா என்று.

சராசரி சண்முகம்

ட்ரே ஜான்சனுக்கு ஃப்ரீ த்ரோ 87. மீதியை ராத்திரி எழுதுகிறேன், ஆஃபீஸில் இருக்கிறேன்.