கல்யாண ஆல்பம் வேலையை விட்டுவிட்டு பினாங்கு போகலாமா?

தண்டையார்பேட்டை டிசைனர்:
மிண்ட், வண்ணாரப்பேட்டை ஸ்டுடியோக்களுக்கு கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். பக்கக் கணக்கில் காசு, பெரும்பாலும் கையில்தான். தை, ஆவணியில் தூக்கம் கிடையாது. ஆடியில் ராயபுரம் பக்கத்து சர்ச் கல்யாணமும் நிக்காஹ்வும்தான் சோறு போடும். சமீபமாக ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு ஆப் ஸ்க்ரீன் டிசைன் செய்து தருகிறேன். ஆல்பத்தை நிறுத்திவிட்டு இதையே பிடித்துக்கொண்டு, லேப்டாப்போடு மலேசியாவின் பினாங்கில் சில மாதம் இருக்க ஆசை. விசா இல்லாமலே 30 நாள் விடுகிறார்களாமே, அப்படியே கிளம்பிவிடலாமா?

பெரம்பூர் அக்கா:
அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு, தங்கச்சி. அங்கே உட்கார்ந்து வேலை செய்ய டிஇ ராந்தாவ் என்று தனி பாஸ் இருக்கிறது, 2022இல் கொண்டுவந்தது. உன் மாதிரி டிஜிட்டல் வேலைக்காரர்கள் வருடத்துக்கு 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் வருமானம் காட்ட வேண்டும். ஸ்டுடியோக்காரர் கவரில் வைத்துக் கொடுத்த பணத்தை எந்தத் தாளில் காட்டுவாய்? பினாங்கு லிட்டில் இந்தியாவில் இட்லி கிடைக்கும், அதெல்லாம் சரி. ஆனால் கோடையில் ஜெர்மனியில் மாலை 5 மணி என்றால் இங்கே இரவு 8.30, பினாங்கில் 11. மீட்டிங் வைத்தால் உன் தூக்கம் போச்சு. முதலில் தொழிலை மாற்று, ஊரை அப்புறம் மாற்றலாம்.

திருவொற்றியூர் கணக்கர்:
அக்கா சொல்வது சரி. சிஸ்டர், ஜெர்மன் பணம் வங்கி வழியாகவே வரட்டும், ஒவ்வொன்றுக்கும் இன்வாய்ஸ் போடுங்கள். மொத்த வரவு ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வெளிநாட்டு வேலை ஏற்றுமதிக் கணக்கில் வரும். எல்யூடி என்ற உறுதிக் கடிதம் கொடுத்துவிட்டால் ஜிஎஸ்டி கட்டாமலே பில் போடலாம், வருடா வருடம் புதுப்பிக்கணும். சில மாதம் வெளியே இருந்தாலும், அந்த நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால் எங்கே சம்பாதித்ததையும் இங்கேதான் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

தண்டையார்பேட்டை டிசைனர்:
நன்றி. ஆல்பத்தை அடியோடு விடாமல், தை மாத வேலை மட்டும் கூடுதல் ரேட்டுக்கு எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஜெர்மன்காரர் வெறும் மெயிலில்தான் வேலை தருகிறார். அந்த பாஸுக்கு அது போதுமா அக்கா?

பெரம்பூர் அக்கா:
போதாது. 3 மாதத்துக்கு மேல் ஓடுகிற ஒப்பந்தம் கேட்பார்கள். தொகையும் தேதியும் போட்டுக் கையெழுத்து வாங்கு. டிக்கெட் விலையெல்லாம் அதற்கு அப்புறம் பார்.