மிசௌரி சட்டம்: மருந்தாளுநரின் வாயை அடைக்கலாமா?

நெய்தல்:
அமெரிக்காவில் மிசௌரி ஆளுநர் 2022 ஜூனில் கையெழுத்திட்ட சட்டம் இது. கொரோனாவுக்கும் எழுதப்பட்ட ஐவர்மெக்டின் (ஒட்டுண்ணி மருந்து), ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் (மலேரியா மருந்து) மாத்திரைகளைச் சட்டப்படி எழுதினார், விற்றார் என்பதற்காக மட்டும் யாருடைய உரிமத்திலும் கை வைக்கக் கூடாது என்கிறது. அதோடு, அவர்களாகக் கேட்காதவரை மருந்தாளுநர் டாக்டரிடமோ நோயாளியிடமோ இவற்றின் பலனை மறுத்துப் பேசக் கூடாதாம். இரண்டாவது பகுதியை எப்படி ஏற்பது?

வழிப்போக்கன்:
முதல் பகுதியின் நியாயத்தைப் பாருங்கள். ஒரு நோய்க்கு அனுமதி பெற்ற மருந்தை வேறு நோய்க்கு எழுதுவது, அதாவது ஆஃப்-லேபிள், அங்கே அன்றாட நடைமுறை. கொரோனாவில் உயிர் காத்த டெக்ஸாமெத்தசோனும் பழைய ஸ்டீராய்டுதானே! நெருக்கடி நேரத்தில் டாக்டர் உரிமத்துக்குப் பயந்து கொண்டு வைத்தியம் பார்க்க முடியுமா?

நெய்தல்:
டெக்ஸாமெத்தசோனைச் சோதனை காப்பாற்றியது நண்பரே, சட்டமன்றம் அல்ல. 2020 ஜூனில் கொரோனா மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோனால் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. அதே ஆய்வில் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் தோற்றது. மிசௌரி சட்டம் வருவதற்கு முன்பே, 2022 மார்ச்சில், பிரேசிலில் நடந்த டுகெதர் ஆய்வு ஐவர்மெக்டினால் மருத்துவமனைச் சேர்க்கை குறையவில்லை என்று சொல்லிவிட்டது. தோற்ற மருந்துகளாகப் பார்த்துப் பெயர் சொல்லிப் பாதுகாப்பு எதற்கு?

வழிப்போக்கன்:
அந்த இரண்டைத்தான் கடைகளில் தர மறுத்தார்கள், அதனால்தான் பெயர் வந்தது. டாக்டர் நோயாளியை நேரில் பார்த்து எழுதுகிறார், கவுன்டரில் இருப்பவர் அதை ரத்து செய்வதா? மேலும், சட்டம் தடுப்பது பலன் பற்றிய வாதத்தை மட்டும்தான். டோஸ், பக்கவிளைவு பற்றித் தாராளமாகப் போன் செய்யலாம்.

செங்காந்தள்:
நடுவில் வருகிறேன், நான் மருந்தாளுநர். அந்தப் பிரிப்பு காகிதத்தில்தான் நிற்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ஐவர்மெக்டின் சீட்டு வருகிறது, ரத்தப்போக்கு அபாயம் கூடலாம். டாக்டரை அழைத்து என்ன சொல்வேன்? "பலன் நிரூபணமாகாத மருந்துக்கு இந்த அபாயம் வேண்டுமா சார்?" என்றுதான் கேட்பேன். அபாயத்தைப் பலனோடு சேர்த்துத்தானே எடை போட முடியும்? அந்தக் கேள்வியின் முதல் பாதியைத்தான் மிசௌரி சட்டம் தடுத்தது.

நெய்தல்:
2023-இல் கூட்டாட்சி நீதிமன்றம் பேச்சுரிமையைக் காட்டி, மருந்தாளுநர் பேசக் கூடாது என்ற அந்தப் பகுதிக்கு இடைக்காலத் தடை போட்டது.

வழிப்போக்கன்:
சரி, வாயடைப்பு தவறு, ஒப்புக்கொள்கிறேன். உரிமப் பாதுகாப்பை மட்டும் விடமாட்டேன். அடுத்த தொற்று வரும்போது, ஆய்வு முடிவு கைக்கு வராத முதல் சில மாதங்களில் டாக்டர் என்ன செய்வார்?

செங்காந்தள்:
அந்த மாதங்களுக்கு மட்டும் பாதுகாப்பு கொடுங்கள், முடிவு வந்ததும் காலாவதியாகட்டும். மிசௌரி சட்டத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் காட்டுங்கள்.